செவ்வியல் நாவலும் மாத நாவலும்: சேர்த்துப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் புத்தகத் தேர்வைக் கவனித்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் கூட்டம் முடிந்த பிறகு தனியே அழைத்துக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: பேரெழுத்தாளர்களின் நாவல்களையும், பேருந்து நிலையக் கடைகளில் வாங்கும் மாத நாவல்களையும் ஒருவரே படிக்கலாமா, படித்தால் எந்த முறையில் படிப்பது? அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, என்னால் இயன்ற விடைகளை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ் நாவல்களிலிருந்தும் தமிழில் கிடைக்கும் மொழிபெயர்ப்புகளிலிருந்தும் எடுத்தவை.

செவ்வியல் நாவல் என்று எதைச் சொல்கிறீர்கள்? மற்றதை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

வயதை வைத்துப் பிரிக்க முடியாது. வேதநாயகம் பிள்ளை 1857-இல் எழுதி 1879-இல் அச்சில் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' பழையது; வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களும் பழையவைதாம். வெளிவந்த இடத்தை வைத்தும் பிரிக்க முடியாது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்தது. கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1991-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. விருதும் முழு அளவுகோல் ஆகாது. குடும்ப நாவல்களால் வீடுதோறும் அறியப்பட்ட லக்ஷ்மிக்கு 1984-இல் அதே விருது கிடைத்தது.

நான் பயன்படுத்தும் சோதனை எளியது. நாவலின் முடிவை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாம் எவ்வளவு இழக்கிறோம் என்று பார்க்க வேண்டும். துப்பறியும் கதையில் கொலையாளியின் பெயர் தெரிந்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் அந்த மரம் இப்போது இல்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்தும், அதை எப்படி இழந்தோம் என்பதற்காகக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம், சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் படிக்கிறோம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் நூல்கள் ஏராளம். அவற்றைப் பற்றிக் கீழே சுஜாதாவைக் குறித்த கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

க்ரைம் நாவல் படிச்சுப் பழகிட்டா ரசனை கெட்டுப்போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

ரசனை கெடுவதில்லை, வாசிக்கும் வேகம் ஒரே தாளத்துக்குப் பழகிவிடுகிறது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கும் ராஜேஷ்குமாரின் ஒரு நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததைத் திறக்க வைக்கும் இடத்தில் நிற்கும். வர்ணனை இரண்டு வரிக்கு மேல் நீளாது. நூறு பக்கம் ஒரே அமர்வில் முடிந்துவிடும். அதற்கென்றே செய்த திறமையான வேலை அது. அப்படிப்பட்ட நாவல்களை வரிசையாகப் பத்துப் பதினைந்து படித்த கண், சம்பவத்தைத் தேடி ஓடக் கற்றுக்கொள்கிறது. அதே கண்ணோடு 'மோகமுள்'ளில் ரங்கண்ணா பாபுவுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் பக்கங்களுக்குப் போனால் 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று தோன்றும். நடப்பது அந்தப் பேச்சின் உள்ளே, குரலிலும் கேட்கும் மனத்திலும் நடக்கிறது. சில நாள் மெதுவாகப் படித்தால் இந்தப் பழக்கம் மாறிவிடும்.

தமிழில் தீவிரமாகப் படிக்கிறவர்களில் பலர் தமிழ்வாணனின் சங்கர்லாலில் தொடங்கி, சுஜாதாவின் கணேஷ் வசந்த்துக்கு வந்து, அங்கிருந்து அசோகமித்திரனுக்குப் போனவர்கள். கதை படிக்கும் ஆசையே இல்லாதவருக்கு எந்தப் பெரிய நாவலும் திறக்காது. அந்த ஆசையைப் பெரும்பாலும் இந்த எளிய நூல்கள்தாம் நமக்குள் விதைத்தன. அவற்றுக்கு நன்றி பாராட்டுவதே நியாயம்.

ஒரே நேரத்தில் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றொன்றா?

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்துக்காகப் போட்டியிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: செவ்வியல் நாவலுக்கு நாளில் ஒரு நிலையான நேரத்தைக் கொடுங்கள், மனம் நன்றாக விழித்திருக்கும் அரை மணி நேரமாவது. இலகு நாவலுக்கு மீதிக் கிடைக்கும் நேரங்களைக் கொடுங்கள்: பேருந்தில், மருத்துவமனை வரிசையில், வேலை முடிந்து களைத்து வந்த இரவில். எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் மாத நாவல் அந்த அரை மணிக்குள் நுழையக் கூடாது. எவ்வளவு குற்ற உணர்ச்சி இருந்தாலும் களைத்த இரவில் செவ்வியல் நாவலைப் பிரிக்கக் கூடாது. களைப்பில் படித்த இருபது பக்கங்கள் மறுநாள் நினைவில் நிற்பதில்லை, அந்த நாவலின் மேல் ஒரு சலிப்பும் படிந்துவிடுகிறது.

இரண்டு பெரிய நாவல்களை ஒருசேர வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு துப்பறியும் நாவல்களும் வேண்டாம். தடயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

'புயலிலே ஒரு தோணி'யை எத்தனையோ முறை தொடங்கிவிட்டேன். நடுவில் ஒரு த்ரில்லர் எடுத்தால் மறுபடி உள்ளே போகவே முடிவதில்லை. என்ன செய்வது?

இந்த நாவலின் பெயரைச் சொல்லியே இக்கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1972-இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் இந்த நாவல் வாசகருக்காகக் காத்திருப்பதில்லை. ஜப்பானியப் படை சுமத்ராத் தீவின் மெடான் நகருக்குள் நுழையும் நாளில் நம்மை நேரே நடுத்தெருவில் நிறுத்திவிடுகிறது. மலாய்ச் சொற்கள், டச்சுத் தெருப் பெயர்கள், வட்டிக்கடைத் தமிழர்களின் தொழிற்பேச்சு, பழைய இலக்கிய வரிகளை எள்ளலாகத் திருப்பும் நடை, திடீரென்று நினைவில் எழும் மதுரை என எல்லாம் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது பிடிபடவே கணிசமான பக்கங்கள் ஆகும். அந்தப் பிடிபடாத நிலையில் நூலை மூடிவிட்டு, இரண்டே பக்கத்தில் ஆளையும் ஊரையும் அறிமுகம் செய்துவிடும் ஒரு கதைக்குப் போனால், திரும்பி வரும்போது முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

ஆகவே மேலே சொன்ன நேர ஒழுங்கோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய நாவலின் முதல் கால்பகுதி முடியும் வரை புதிய கதைப் புத்தகம் எதையும் தொடங்க வேண்டாம். களைத்த நேரத்துக்கு வேறு ஏதாவது படியுங்கள்: கட்டுரை, பயணக் குறிப்பு, முன்பே படித்த பழைய துப்பறியும் கதை. புதிய கதை மட்டும்தான் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே தெரிந்த கதை பிடிக்காது. கால்பகுதி கடந்ததும் பாண்டியனும் அவன் நண்பர்களும் உங்களுக்கு அறிமுகமானவர்களாகிவிடுவார்கள். அதன் பிறகு நடுவில் எதைப் படித்தாலும் திரும்பிவர முடியும். அந்த நாவலில் போரும் இந்திய தேசிய ராணுவமும் ஆபத்தான பயணங்களும் இருப்பதால், பின்பகுதியில் பல சாகசக் கதைகளைவிட அதுவே வேகமாக ஓடும்.

அப்படியும் முடியாவிட்டால் சிங்காரத்தின் முந்தைய நாவலான 'கடலுக்கு அப்பால்' (1959) மூலம் உள்ளே நுழையலாம். அதே கடல்கடந்த தமிழர் உலகம், அதே போர்க்காலம். கதை நேர்க்கோட்டில் செல்லும், அளவும் சிறியது. வட்டிக்கடை வாழ்க்கையும் பினாங்கும் அதிலேயே பழகிவிடுவதால் தோணியின் முதல் பகுதி பாதி எளிதாகிவிடுகிறது.

எத்தனைக்கு எத்தனை என்று ஒரு கணக்கு சொல்லுங்களேன்?

கணக்கு வைத்தால் சிறிய நூல்களே வெல்லும், ஏனென்றால் அவை சீக்கிரம் முடியும். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொள்கிறவர்கள் தம்மை அறியாமலே ஐந்து பாகமுள்ள நாவலைத் தள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு செவ்வியல் நாவல் எப்போதும் நடப்பில் இருக்க வேண்டும் என்பது மட்டும் போதும். அதன் அருகில் ஓர் இலகு நாவல் முடிந்தாலும் சரி, ஆறு முடிந்தாலும் சரி.

சுஜாதாவை எந்தப் பக்கம் வைப்பது?

ஆசிரியரை வைக்காதீர்கள், நூலை வையுங்கள். 1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' ஒரு துப்பறியும் தொடர்கதை. அதன் நடை அதுவரை வந்த துப்பறியும் கதைகளிலிருந்து வெகுவாக மாறுபட்டிருந்தது என்பது உண்மை, ஆனாலும் அது தர முன்வந்தது ஒரு புதிரும் அதன் விடையும்தான். அதே கை எழுதிய 'நகரம்' என்ற சிறுகதையில், மதுரையின் பெரிய மருத்துவமனையில் மூளைக் காய்ச்சல் வந்த மகளை வைத்துக்கொண்டு எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் நிற்கும் தாயைப் படித்தவர்கள் அதை மறப்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரு பெயரை ஒட்டுவது இரண்டுக்கும் அநீதி.

கல்கி, நா. பார்த்தசாரதி, 'சித்திரப்பாவை'க்கு 1975-இல் ஞானபீடம் பெற்ற அகிலன் ஆகியோருக்கும் இதே விடைதான். இவர்களில் யாரை எங்கே நிறுத்துவது என்று தமிழ் விமர்சகர்கள் நீண்ட காலமாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதம் முடியும் வரை நாம் படிக்காமல் காத்திருக்க வேண்டியதில்லை.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். அதே மாதிரி இன்னும் வேண்டும், ஆனால் கொஞ்சம் கனமாகவும் இருக்கலாம். எங்கே போவது?

மிக நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த அந்தத் தொடரை முழுதாகப் படிக்கும் பொறுமை இருப்பவருக்கு எந்தத் தமிழ் நாவலும் நீளமானது அல்ல. நீளம் இனி உங்களுக்குத் தடையாக இராது. மாறவேண்டியது எதிர்பார்ப்பு மட்டுமே. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியைக் கல்கி கடைசி வரை கையில் பிடித்திருந்தார். அடுத்து நீங்கள் படிக்கப்போகும் நாவலில் அப்படி ஒரு கயிறு இல்லாமல் போகலாம்.

வரலாற்றிலேயே நிற்க விரும்பினால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அதைத் தொடரும் 'வானம் வசப்படும்' ஆகிய இரண்டையும் எடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில், துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு எழுதியவை. இங்கே இளவரசர்களைவிட வணிகர்கள், தேவதாசிகள், விவசாயிகள் முன்னால் நிற்கிறார்கள். வீரம் குறைவாகவும் விலைவாசி அதிகமாகவும் இருக்கும் வரலாறு எப்படிப்பட்டது என்பதை அவை காட்டும். இரண்டாவது நூல் 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. காவிரிக் கரையை விட்டு நகர மனமில்லையென்றால் கும்பகோணத்தில் நடக்கும் 'மோகமுள்'. சம்பவமும் வேண்டும், சுருக்கமாகவும் வேண்டும் என்றால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976).

துப்பறியும் கதை ரசிகன் நான். எனக்கு ஒத்துவரும் செவ்வியல் நாவல் ஏதாவது உண்டா?

பல உண்டு, ஏனென்றால் குற்றம் பெரிய நாவலாசிரியர்களையும் ஈர்த்த பொருள். இப்போது சொன்ன 'கோபல்ல கிராம'த்திலேயே ஒரு கொலை வருகிறது. நகைக்காக ஒருவன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்லும் பெண், உயிர் போகும் நிலையிலும் அவன் கால் விரலைப் பற்களால் கவ்விக்கொண்டு விடாமல் இருக்கிறாள். அதனாலேயே அவன் அகப்படுகிறான். எந்த மாத நாவலுக்கும் பொருந்தும் காட்சி இது. ஆனால் கி.ரா.வின் கவனம் அந்த ஊர் கூடி அவனை எப்படி விசாரிக்கிறது, அந்த ஊர் எங்கிருந்து வந்து எப்படி உருவானது என்பதற்குத் திரும்பிவிடுகிறது.

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1866-இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த இந்த நாவலை எம்.ஏ. சுசீலா தமிழில் தந்திருக்கிறார். கொலை செய்தவன் ரஸ்கோல்னிகவ் என்பதைத் தொடக்கத்திலேயே நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். ஆகையால் யார் செய்தது என்ற கேள்விக்கே இடமில்லை. செய்தவனுக்குள் என்ன நடக்கிறது என்பதே எஞ்சிய நூல் முழுவதும். விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவனோடு பேசும் காட்சிகளைத் துப்பறியும் கதை படித்துப் பழகியவர்கள் மற்றவர்களைவிட நன்றாக ரசிக்கிறார்கள்: எந்தச் சொல் தூண்டில், எந்த மௌனம் ஒப்புதல் என்று அவர்களுக்கு உடனே தெரிகிறது. மாத நாவல் கற்றுக்கொடுத்த கவனம் பெரிய நாவலில் நேரடியாகப் பயன்படும் இடம் இது.

இந்த முறையை மற்ற வகைகளுக்கும் நீட்டலாம். ஒரே பொருளைத் தொடும் ஓர் இலகு நாவலையும் ஒரு செவ்வியல் நாவலையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். ஒரு காதல் நாவலுக்குப் பிறகு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', ஒரு குடும்ப நாவலுக்குப் பிறகு தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' என்று நீங்களே இணைகளை அமைத்துக்கொள்ளலாம்.

ரஷ்ய நாவல்களில் பெயர்களே தலை சுற்றுகின்றனவே?

ஒருவருக்கே இயற்பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர், செல்லப் பெயர் என்று நான்கு வழிகளில் அழைப்பு வரும். நூலின் பின்னட்டை உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டே படியுங்கள். நூலகப் புத்தகமானால் ஒரு தாளில். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' போன்ற பெரிய நூலுக்கு முன், ரா. கிருஷ்ணையாவின் தமிழில் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' படித்துவிடுவது நல்லது. இரண்டே முக்கியப் பாத்திரங்கள், நான்கு இரவுகள். ஒரு காதல் நாவலைப் படிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

என் அம்மா ரமணிசந்திரன் மட்டுமே படிக்கிறார். அவரை எப்படி நல்ல நாவல்களுக்கு மாற்றுவது?

மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஒரு மணி நேரத்தில் அவர் படிப்பதை, 'நல்லது அல்ல' என்ற தீர்ப்போடு நீங்கள் அணுகினால், அந்த ஒரு மணி நேரத்தையும் அவரிடமிருந்து எடுத்துவிடுவீர்கள். அவர் விரும்பும் நாவல் ஒன்றை நீங்கள் படியுங்கள். எந்தப் பாத்திரம் பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். தாம் படித்ததைப் பற்றி யாராவது மரியாதையோடு கேட்பது பல பெண்களுக்கு முதல் முறையாக இருக்கும்.

அதன் பிறகு, கொடுக்கத் தோன்றினால், ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) கொடுங்கள். குமரி மாவட்டத்துக் கிராமத்தில், வீட்டுக்குள் அடைபட்டு வளரும் லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் இடையே மலரும் அன்பின் கதை. சிறிய நூல், காதல் நாவல் வாசகர் எதிர்பார்க்கும் தவிப்பும் காத்திருப்பும் அதில் முழுமையாக உண்டு. ஆனால் தடையாக நிற்பது ஒரு வில்லனோ தவறான புரிதலோ அல்ல. குடும்பத்தின் பெருமிதமும் அந்தஸ்தும், வயது வந்த பெண்ணை வெளியே விடாத வழக்கமும். அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழைய வெகுஜன நாவல்களில் பெண்களைப் பற்றி எழுதியிருப்பதை இப்போது படிக்கவே முடியவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

கோபம் வருவது சரியே, அதை அடக்கிக்கொள்ளத் தேவையில்லை. பெண்ணைக் கட்டாயப்படுத்தியவனே அவளுக்கு ஏற்ற கணவனாகிவிடும் முடிவுகள் ஒரு காலத்தில் தொடர்கதைகளில் சர்வ சாதாரணமாக வந்தன. தன் காலம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதை இலகு நாவல் அப்படியே பதிவு செய்துவிடுகிறது. அந்தக் காலத்து வீட்டில் எது இயல்பு என்று கருதினார்கள் என்பதை அறிய அதைவிட நேரான சான்று குறைவு.

இங்கேதான் சேர்த்துப் படிப்பதன் பயன் மிகுதி. ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், ஏமாற்றப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்களிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் அவர் பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அக்காலத்துக் குடும்பத் தொடர்கதை ஒன்றைப் படித்துவிட்டு இந்த நாவலுக்கு வந்தால், அதன் நாயகி கங்கா எந்தச் சுவரில் மோதிக்கொண்டிருக்கிறாள் என்பது உடலில் உறைக்கும். தொடர்கதை அந்தச் சுவரைக் கட்டிய கற்களை நமக்குக் காட்டியிருக்கும்.

வடுவூரார், ஆரணி குப்புசாமி முதலியார் காலத்துத் துப்பறியும் நாவல்களை இப்போது படிப்பதில் பயன் உண்டா?

ஒன்றிரண்டு படியுங்கள். வடமொழிச் சொற்கள் மிகுந்த நீண்ட வாக்கியங்கள் முதலில் தடுக்கும். பழகிய பின் வேடிக்கையாகவே இருக்கும். வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' 1950-இல் 'திகம்பர சாமியார்' என்ற பெயரில் எம்.என். நம்பியார் நடித்த படமாக வந்தது என்பதிலிருந்தே அவற்றின் ஆயுளை அறியலாம். அக்காலத்துக் கச்சேரிகள் (அரசு அலுவலகங்கள்), போலீஸ், ரயில், வக்கீல் வீடுகள் ஆகியவற்றின் விவரங்களுக்காகவும், நாவல் என்ற வடிவத்துக்கு ஒரு பெருங்கூட்டத்தை இவர்களும் ஜே.ஆர். ரங்கராஜுவும் வை.மு. கோதைநாயகி அம்மாளும் பழக்கினார்கள் என்பதற்காகவும் அவை படிக்கத் தக்கவை. அதற்கும் முன்னரே விவேக சிந்தாமணியில் தொடராக வந்த ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தையும் உடன் வைத்துப் படித்தால், உரையாடலில் அவர் எவ்வளவு தூரம் முன்னே போயிருந்தார் என்பது தெரியும்.

படிக்காமல், ஒலிநூலாகக் கேட்டால் கணக்கில் சேருமா?

சேரும். கல்கி இதழ் வந்ததும் வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டுத்தான் பல குடும்பங்கள் அந்தத் தொடர்களை அறிந்தன. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) போல வட்டாரப் பேச்சு அடர்ந்த நாவல்களில் கண் தடுமாறும் இடத்தைக் காது எளிதில் கடந்துவிடும்; ஒலிநூல் அமையாவிட்டால் நீங்களே சில பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இரண்டு வகையும் வாங்கக் கையில் பணமில்லை. எதை வாங்குவது, எதை இரவல் எடுப்பது?

ஒருமுறை படித்து முடிப்பதை இரவல் எடுங்கள். மறுமுறை படிக்கப்போவதை வாங்குங்கள். முதல் கேள்வியில் சொன்ன சோதனை இங்கும் உதவும். கல்கி உள்ளிட்டோரின் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், மதுரைத் திட்டத்தின் தொகுப்பிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய புத்தகக் கடைகளில், வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்த தொடர்கதை பைண்டுகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஓவியர் மணியம் வரைந்த படங்களோடும் அக்கால விளம்பரங்களோடும் ஒரு தொடர்கதையைப் படிப்பது, பின்னால் வந்த நூற்பதிப்பில் கிடைக்காத அனுபவம்.

எல்லோரும் கொண்டாடும் நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. முடிக்காமல் விடலாமா?

விடலாம், ஆனால் எந்த இடத்தில் விடுகிறீர்கள் என்பது முக்கியம். முதல் கால்பகுதிக்குள் விட்டால், நீங்கள் நிராகரித்தது நாவலை அல்ல, பழகாத அதன் நுழைவாயிலை மட்டுமே. தோணியைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். பாதியைத் தாண்டிய பிறகும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மூடுங்கள், எந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதி உள்ளே வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த வரியைப் படித்தால், மாறியது நூலா நீங்களா என்று தெரியும். இலகு நாவலுக்கு இவ்வளவு அவகாசம் தர வேண்டியதில்லை. இருபது பக்கத்துக்குள் இழுப்பது அதன் பொறுப்பு.

அசோகமித்திரன், தி.ஜா. எல்லாம் படித்த பிறகு, முன்பு உயிராக இருந்த நாவல்கள் சப்பென்று ஆகிவிட்டன. இழப்பாக இருக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

இது நடக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் ஜமுனாவை, ஒரு பெருமூச்சும் வீணாகாத அந்த நடையில் பார்த்துவிட்ட பிறகு, மூன்று வியப்புக்குறிகளோடு அழும் கதாநாயகியை முன்போல நம்ப முடியாது. காது கூர்மையானதன் விலை அது. இரண்டு வகையும் ஒன்றுதான், எல்லாம் வாசிப்புதான் என்று ஆறுதல் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வித்தியாசம் உண்மையானது, அதை உணர்ந்தவர் உணராதவர்போல நடிக்க வேண்டாம்.

ஆனால் எல்லாமே சப்பென்று ஆகிவிடுவதில்லை. பழைய அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இருபது பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள். சில நூல்கள் உதிர்ந்துவிடும்; அவை அந்த வயதுக்குரியவை. சில நூல்கள் முன்பு காட்டாத ஒன்றைக் காட்டும்: ஒரு வாக்கியம் கூட மிகாமல் ஓடும் உரையாடல், எட்டாவது அத்தியாயத்தில் வெடிக்கப்போவதை இரண்டாவதிலேயே கண் முன்னால் ஒளித்துவைத்த கைநேர்த்தி, வசந்த்தின் ஒரு குறும்பு வரியில் கணேஷின் முழுக் குணமும் தெரிந்துவிடும் சிக்கனம். முதல் முறை கதையின் வேகத்தில் இவற்றை நீங்கள் பார்த்திருக்க முடியாது; தி.ஜா.வும் அசோகமித்திரனும் மெதுவாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகே கண்ணுக்குத் தெரிகின்றன. அப்படி நின்ற நூல்களைத் தனித் தட்டில் வையுங்கள். களைத்த இரவுகளுக்கு இனி அந்தத் தட்டிலிருந்து எடுக்கலாம். உதிர்ந்தவற்றைக் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே அவற்றுக்குரிய வயதில் ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்.